பிழை கூறும் பிள்ளை

பெரியோர் எழுதியதைச் சிறியோர் திருத்தலாமா என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. கேள்வி சிறிது, அதனுள் அடங்கிய பொருள் பெரிது. பிழையைப் பிழையென்று கூறும் உரிமை வயதினால் வருவதா, பதவியினால் வருவதா, அன்றி அறிவினால் வருவதா? இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே நம் வீடும், நம் தோட்டமும், நம் சமூகமும் நடைபெறுகின்றன. ஆதலின், ஒரு சிறு குழந்தையின் கையிலுள்ள சிவப்புப் பென்சிலை முன்னிட்டு இக்கேள்வியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நேயர்கள் முதலில் சிறிது நகைக்கலாம். நகைத்தபின் சிறிது சிந்திக்கவும் வேண்டுகின்றோம்.

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கு நோக்கித் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் எனச் செல்லும் நெடுஞ்சாலையில் நெல் வயல்களும், தென்னந் தோப்புகளும், செம்பனைத் தோட்டங்களும் மாறிமாறித் தோன்றும். இவ்வட்டாரத்துத் தமிழ்க் குழந்தை ஏழாவது வயதில் பள்ளி புகுங்கால் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் ஒருங்கே எழுதத் தொடங்குகின்றது. கற்ற எழுத்தை உடனே எங்கேனும் செலுத்திப் பார்க்கவேண்டும் என்னும் வேட்கை அதற்கு உண்டு. பள்ளியில் ஆசிரியர் திருத்துகின்றார். வீட்டில் திருத்துவதற்குக் குழந்தைக்குக் கிடைப்பவை அப்பாவின் கடைச் சீட்டும், அம்மாவின் நாட்காட்டிக் குறிப்பும், பாட்டியின் பழைய நோட்டும், சாலையோரத்துப் பெயர்ப் பலகையுமே ஆகும்.

எம் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி ஒன்றாம் ஆண்டில் பயில்கின்றாள். அவள் தந்தையார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர். ஒருநாள் அவர் கடைக்குச் செல்வதற்காகச் சீட்டு எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றார். சீனி, மொளகா, கடலபருப்பு, எலுமிச்சம்பலம் என்பன அதில் இருந்தன. அவர் திரும்பி வருவதற்குள் சீட்டு திருத்தப்பட்டுவிட்டது. 'மொளகா' வட்டமிடப்பட்டு 'மிளகாய்' ஆயிற்று. 'பலம்' 'பழம்' ஆயிற்று. 'சீனி'க்கு மட்டும் சரியென்னும் குறி கிடைத்தது. அடியில் 10க்கு 4 என மதிப்பெண். அதன்கீழ், பிழைகளை ஐந்து முறை எழுதுக என்னும் கட்டளை. அதற்கும் கீழே, பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு. இங்கே ஒரு சிக்கல் உண்டாயிற்று. பிழை செய்தவரே பெற்றோராயிருக்கும்போது கையொப்பமிடுபவர் யார்? சிறுமி சற்று யோசித்தாள். பின் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே பாட்டியிடம் சென்று நீட்டினாள். பாட்டியார் நடுவுநிலைமை தவறாது கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

மற்றொரு நாள் அவளுடைய மாமா யானைப் படம் ஒன்று வரைந்து, அதன்கீழே 'ஒரு யானை' என்று எழுதிக் கொடுத்தார். அவள் 'ஒரு' என்பதை அடித்துவிட்டு 'ஓர்' என்று எழுதினாள். உயிரெழுத்தின்முன் 'ஓர்' வரும், மெய்யும் உயிர்மெய்யும் முதலாகும் சொல்லின்முன் 'ஒரு' வரும் என்பது அவள் பள்ளியிற் கற்றது. 'யா' உயிரெழுத்து அன்றே என்று மாமா வினவினார். அதற்கு அவள், "நாம் 'ஆனை' என்றுதானே சொல்கிறோம், மாமா?" என்றாள். திருத்தம் தவறுதான், காரணமோ செவ்விய காரணம். விதி ஒலிக்கு உரியது என்பதை அவள் எவரும் சொல்லாமலே கண்டுகொண்டாள். அவள் செவியில் விழுந்த ஒலி உயிரொலியே. 'ஆனை' என்று எழுதினால் 'ஓர்' என்பது முற்றும் பொருந்தும் அன்றோ?

மூன்றாவது நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. அவள் அன்னையார் தம் தமக்கைக்கு எழுதிய செய்தியில், 'குழந்தை இரவு முழுதும் அழுதது' என்றிருந்தது. குழந்தை என்றது சிறுமியின் ஆறு மாதத் தங்கையை. சிறுமி 'அழுதது' என்பதைத் திருத்தி 'அழுதாள்' என்று எழுதினாள். நாய் குரைத்தது, மாடு மேய்ந்தது என்று பள்ளியில் படித்திருக்கின்றாள். "தங்கச்சி மாடா அம்மா?" என்பது அவள் கேள்வி.

இலக்கணம் அன்னையார் பக்கமே நிற்கின்றது. மேலே யாமும் குழந்தை 'தொடங்குகின்றது' என்றே எழுதினோம். அது தமிழ் மரபே. பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்கள் சிலவற்றைத் தொல்காப்பியம் தொகுத்துக் கூறுகின்றது. மகவு, குழவி என்பன அத்தொகுப்பில் உள்ளன. அடிமை என்னும் சொல்லும் அங்கே உளது. அதைக் கண்டு, குழந்தையையும் அடிமையையும் பொருளாக எண்ணிவிட்டனரே என்று நாம் உடனே சினங்கொள்ள வேண்டுவதில்லை. அரசு என்னும் சொல்லும் அதே தொகுப்பில் உளது. ஆகவே இழிவு கருதி வகுத்த முறை அன்று அது; சொல்லின் இயல்பு பற்றி வகுத்த முறையே. எனினும் இந்த விளக்கத்தை அச்சிறுமிக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். "அப்படித்தான் எழுதவேண்டும், போ" என்பது விளக்கம் ஆகாது. அவள் கேட்டது இலக்கணக் கேள்வி மட்டும் அன்று. தன் தங்கை ஓர் ஆள்தானா என்றும் கேட்டாள். அக்கேள்விக்கு, ஆம், ஆளேதான் என்று விடை கூறிய பின்னரே இலக்கணம் கூறுதல் முறை.

இத்தகைய திருத்தங்கள் ஏன் நமக்கு நகைப்பை ஊட்டுகின்றன? குழந்தை அறியாமையாற் செய்வதால் என்று கூறுவோர் உண்டு. யாம் அவ்வாறு கருதவில்லை. அறியாதவன் விதியை மீறுவான். குழந்தையோ விதியை அளவுக்கு மிஞ்சிக் கடைப்பிடிக்கின்றது. நாம் விதியைக் கற்று, விலக்கைக் கற்று, பின்னர் எங்கே கண்மூட வேண்டும் என்பதையும் கற்றிருக்கின்றோம். குழந்தை முதலாவதை மட்டும் கற்றிருக்கின்றது. ஆகவே தந்தை, மாமன், அரசாங்கப் பலகை என்னும் வேற்றுமை அதன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எழுத்து ஒன்றே புலப்படுகின்றது.

இதனை அறிஞரும் ஆராய்ந்திருக்கின்றனர். கோர்ணி சுக்கோவ்ஸ்கி என்னும் உருசிய எழுத்தாளர், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பேச்சைப் பல்லாண்டுகள் சேகரித்து நூலாக்கினார். அது 1928இல் முதன்முதல் வெளிவந்து, பின்னர் 'இரண்டு முதல் ஐந்து வரை' என்னும் பெயரால் உலகப் புகழ் பெற்றது. பெரியோர் பேச்சிலுள்ள பொருந்தாமைகளைக் குழந்தைகள் கண்டு வினவும் இடங்கள் அந்நூலிற் பல. 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார், எம்மொழியிலும் இல்லாத பொய்ச்சொற்களைப் புனைந்து, அவற்றிற்குரிய பொம்மைப் படங்களைச் சிறுபிள்ளைகட்குக் காட்டினார். ஒன்றைக் காட்டிப் பெயர் சொன்னார். இரண்டைக் காட்டி, இவை யாவை என்று வினவினார். பிள்ளைகள் தாம் ஒருநாளும் கேட்டிராத அச்சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்து விடை கூறினர். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளி அன்று குழந்தை. விதியை உய்த்துணரும் அறிவு அதற்கு உண்டு என்பது இதனால் விளங்கும். நட என்பதற்கு 'நடந்தான்' என்றால், வா என்பதற்கு 'வாந்தான்' என்று கூறும் பிள்ளை பிழை செய்கின்றது. ஆயின் சிந்தித்துப் பிழை செய்கின்றது.

இனி, சிந்தித்துச் செய்யும் அப்பிழைக்கும் சீர்திருத்தத்திற்கும் உள்ள உறவைக் காண்போம். நாம் மேலே கூறிய பாட்டியார் தம் இளமையில் தோட்டப் பள்ளியிற் பயின்றவர். அவரிடம் ஒரு சமையற் குறிப்பு நோட்டு உண்டு. அது பழைய எழுத்தில் எழுதப்பட்டது. பழைய எழுத்தில் கை, சை, தை முதலியவற்றிற்கு ஒருவகைக் கொம்பு. ணை, லை, ளை, னை ஆகிய நான்கிற்கு மட்டும் எழுத்தின் தலைமேல் துதிக்கைபோல் வளைந்த வேறொரு குறி. ணா, றா, னா என்பனவும் காலை வேறாகப் பெறாமல் வளைந்து பின்னிய தனி வடிவம் பெற்றிருந்தன. சிறுமி அந்நோட்டைக் கண்டாள். "பாட்டி, இலைக்கு எதற்குத் துதிக்கை?" என்று கேட்டாள். கேட்டதோடு அமையாமல், வாழை இலை, தலை, வெங்காயத்தாளை என ஒவ்வொன்றாகத் துதிக்கையை அறுத்துக்கொண்டே சென்றாள். ஒரு பக்கத்தின் மூலையில் எவரோ 'யானை' என்று எழுதியிருந்தனர். அதை மட்டும் விட்டுவிட்டாள். யானைக்குத் துதிக்கை இருக்கலாமாம்!

இவள் ஒரு பிற்பகலிற் செய்த வேலையைத் தமிழுலகம் செய்து முடிப்பதற்கு 43 ஆண்டுகள் ஆயின. 1935இல் பெரியார் ஈ.வெ.இராமசாமி அவர்கள் தம் குடி அரசு ஏட்டில் இவ்வெழுத்துச் சீர்திருத்தத்தை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அவருடைய நியாயம் எளியது. ககரத்திற்கு ஒரு முறை, லகரத்திற்கு வேறொரு முறை ஏன்? எல்லா மெய்க்கும் ஒரே முறை இருந்தால் கற்பவருக்கும் எளிது, அச்சுக் கோப்பவருக்கும் எளிது. பழமை விரும்பிய புலவர்கள் நகைத்தனர்; சிலர் சினந்தனர். அவர் 1973இல் மறைந்தார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி, 1978 அக்டோபரில், எம்.ஜி.இராமச்சந்திரன் அவர்களின் அரசு தமிழ்நாட்டில் அச்சீர்திருத்தத்திற்கு ஆணை பிறப்பித்தது. 13 எழுத்துகள் திருந்தின. சிங்கப்பூர் 1983இல் அதனை மேற்கொண்டது. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் இன்று பிள்ளைகள் கற்பது அவ்வெழுத்தே.

ஈண்டு ஒன்றைக் கருதுக. பெரியார் பள்ளிக் கல்வியை மிக இளமையிலேயே விட்டவர். அவருக்கு முன்னர், 18ஆம் நூற்றாண்டில், எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் மயக்கமின்றி வேறு பிரித்தெழுதும் முறையை வகுத்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்றவர். ஒருவர் புலவர் குழாத்தின் வெளியே நின்றவர். மற்றொருவர் தமிழ் நிலத்திற்கே வெளியிலிருந்து வந்தவர். பழகிய கண்ணுக்குப் படாத முரண் புதிய கண்ணுக்குப் படுகின்றது. குழந்தையும் மொழிக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒரு விருந்தே அன்றோ? அது 'ஏன்?' என்று கேட்கும் இடத்திற் பெரும்பாலும் நம்மிடம் விடை இருக்கும். விடை இல்லாத சில இடங்களும் உண்டு. அவ்விடங்களே சீர்திருத்தம் தொடங்கும் இடங்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. எமக்கு வாய்த்தது ஆங்கிலவழிக் கல்வி. ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் ஒலியாமலே நின்றுகொண்டிருக்கும் எழுத்துகளை மனப்பாடம் செய்யாத ஆங்கிலப் பள்ளி மாணவர் எவரும் இரார். 1906இல் அமெரிக்கக் குடித்தலைவர் தியோடர் ரூசுவெல்ட், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்திற்கு ஆணையிட்டார். குழந்தை எழுதுவதுபோல் அரசாங்கம் எழுதுவதா என்று நாடே நகைத்தது. சட்டமன்றமும் எதிர்த்தது, அவ்வாண்டு முடிவதற்குள் ஆணை கைவிடப்பட்டது. மலாய் மொழியில் நிகழ்ந்தது வேறு. 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரு பொது எழுத்துக்கூட்டு முறையை ஏற்றன. சகர ஒலிக்கு இங்கே உரோம எழுத்தில் சீ, எச் என இரண்டு எழுத்துகள் இட்டுவந்த வழக்கம் நீங்கிச் சீ ஒன்றே போதும் என்றாயிற்று. ஆயினும் ஊர்ப்பெயர்கள் சில பழைய கோலத்திலேயே நிற்கின்றன. செகிஞ்சான் என்னும் பெயர் இன்றும் அந்த எச் எழுத்தை விடவில்லை. மேலே சொன்ன சிறுமி அப்பலகையைக் கண்டபொழுது, வண்டியை நிறுத்துமாறு தந்தையை வேண்டினாள். அவளிடம் அழிப்பான் இருந்ததாம்! எழுத்தின் விதி வேறு, ஊரார் தம் பெயரைத் தாமே எழுதிவந்த உரிமை வேறு என்று தந்தையார் எடுத்துக் கூறவேண்டியதாயிற்று.

இனி, நம் சமூகத்தில் இக்கேள்வி வெறும் நகைப்போடு முடிவதில்லை என்பதைக் கூறுவோம். தோட்டம் என்பது ஓர் ஏணியாக அமைந்திருந்தது. பொழுது விடியுமுன் பெரட்டுக்களத்தில் துரை கிராணியைத் திருத்தினார். கிராணி கங்காணியைத் திருத்தினார். கங்காணி தொழிலாளியைத் திருத்தினார். தொழிலாளி மாலையில் லயத்திற்குத் திரும்பி மனைவியையும் பிள்ளையையும் திருத்தினார். திருத்தம் மேலிருந்து கீழே மட்டும் வந்தது. கீழிருந்து மேலே சென்றால் அதற்குப் பெயர் திருத்தம் அன்று, வாய்த்துடுக்கு. இம்முறை பல தலைமுறைகள் நிலைத்தது. துரைமார் ஆட்சி ஒழிந்தபின்னும், தோட்டங்கள் துண்டாகி மக்கள் பட்டணம் சேர்ந்தபின்னும், அந்தப் பழக்கம் பலர் உள்ளத்தில் ஒழியவில்லை.

யாம் தோட்ட அலுவலகத்தில் எழுத்துவேலை பார்ப்பவர். ஓரெழுத்து என்ன செய்யும் என்பதை நாள்தோறும் காண்கின்றோம். பிறப்புப் பத்திரத்தில் ஒருவாறும், அடையாள அட்டையில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டிருந்தால் தந்தையும் மகனும் ஏட்டளவில் உறவற்றவராகிவிடுவர். எம் வட்டாரத்து முதியவர் ஒருவரின் பெயரில் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. 40 ஆண்டுகளாக அவர் அப்பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். படிக்கத் தொடங்கிய பேரன் ஒருநாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து, "தாத்தா, இது உங்கள் பெயர் இல்லை" என்றான். அம்முதியவர் சிரித்தார். "ஆபீசில் எழுதியது தப்பாக இருக்குமா ஐயா? நீ சின்னப் பிள்ளை" என்றார்.

நேயர்களே, அம்மொழியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பேரன் கூறியது உண்மை. தாத்தா அதை மறுத்ததற்குக் காரணம் எழுத்தில் இல்லை. எழுதியவர் ஆபீசுக்காரர், கூறியவன் சிறுவன் என்பதே காரணம். தம் பெயரையே தமக்கு எதிராகப் பிறர் எழுதியிருக்க, எழுதியவர் பெரியவர் என்று ஒருவர் நம்புகின்றார். சிறியோர் பெரியோரைத் திருத்தலாகாது என்னும் கொள்கை வீட்டிற்குள் இனிதாகத் தோன்றலாம். அதே கொள்கை வீட்டை விட்டு வெளியே வரும்பொழுது, கூலிச் சீட்டில் குறைந்த தொகையைப் பார்த்தும் பேசாதிருக்கும் வாயடைப்பாக மாறுகின்றது. தந்தை எழுதிய சீட்டில் பிழை காணக் கூடாதென்று அடிபட்ட பிள்ளை, நாளை முதலாளி எழுதிய சீட்டிலும் பிழை காணாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அது புறக்கணிக்கத்தக்கது அன்று. பெற்றோரைத் திருத்தப் பழகிய பிள்ளை பெற்றோரை மதிக்குமா? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட தந்தை, ஏழு வயது மகள் வட்டமிட்ட சீட்டைக் கண்டு உள்ளூர நாணமாட்டாரா? நாணுவார். அந்நாணம் மெய்யானது, நாம் அதை நகைப்பால் மூடிவிடலாகாது. ஆனால் அந்நாணம் உண்மையில் யாரைச் சாரவேண்டும்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. பள்ளிகள் பல எழுந்தன. ஆயின் அவற்றிற் பல ஒரே கொட்டகையாகவும், கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் பாடஞ் சொல்லும் இடமாகவும் இருந்தன. படிப்பு முடியுமுன்னரே பிள்ளைகளை வேலைக்காடு இழுத்துக்கொண்டது. அந்நிலையிலும் தம் கையால் ஒரு கடைச் சீட்டு எழுதத் தெரிந்துகொண்ட தலைமுறை நாணவேண்டுவதில்லை. 'மொளகா' என்பது ஒரு மனிதரின் அறிவுக்குறை அன்று. அவர் காதால் கேட்டதைக் கையால் எழுதக் கற்ற அளவு அது.

இதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தலே பெரியோர் கடன். பிழை வேறு, பிழை செய்தவர் வேறு. எழுத்தைத் திருத்து, எழுதியவரை இகழாதே. விருந்தினர் முன் அப்பாவின் பிழையைப் படித்துக் காட்டிச் சிரிப்பது திருத்தம் ஆகாது. அருகே வந்து, "அப்பா, இதற்குச் சிறப்பு ழகரம்" என்று கூறுவது திருத்தம். இவ்வேற்றுமையைக் குழந்தை தானே அறியாது; அடித்தாலும் அறியாது; காட்டினால் அறியும். நாம் அதன் பிழையை எவ்வாறு திருத்துகின்றோமோ அவ்வாறே அது நம் பிழையைத் திருத்தும். நோட்டைத் தூக்கி எறிந்து, "மண்டையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் வீட்டில், குழந்தையின் சிவப்புப் பென்சிலும் அதே மொழியைத்தான் பேசும்.

பெரியோர்க்கு உரிய மற்றொரு கடன் காரணம் கூறுதல். குழந்தை திருத்தியதையெல்லாம் ஏற்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. 'ஓர் யானை' தவறே. சீர்திருத்தத்திலும் இதுவே முறை. பெரியார் ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதலாம் என்றார். 1978இன் ஆணை அதை ஏற்கவில்லை. கேட்டது வேறு, ஏற்றது வேறு. ஆனால் கேளாமலே தள்ளுதல் கூடாது. சரியென்றால், சரியென்று கூறித் திருத்திக்கொள்க. தவறென்றால், இன்ன காரணத்தால் தவறு என்று கூறுக. காரணம் நமக்கே தெரியவில்லையென்றால், இருவரும் சேர்ந்து தேடுவோம் என்று கூறுக. 'நான் பெரியவன்' என்பது இம்மூன்றில் எதுவும் அன்று.

சிறியவர் பெரியவரைத் திருத்துவது நம் மரபுக்கு மாறு என்பாரை ஒன்று கேட்கின்றோம். நாவல் மரத்தின்மேல் இருந்த மாட்டுக்காரச் சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று ஒளவையாரை மடக்கிய கதையை நம் பாட்டிமார் யாருக்குச் சொன்னார்கள்? சிறுவனைக் கடவுளாக்கிச் சொல்லும் பகுதியை விரும்பாதோர் அதை விட்டுவிடலாம். கதையைக் கதையாகவே கொள்வோம். அதில் எஞ்சி நிற்பது யாது? உதிர்ந்த பழத்தின் மண்ணை ஒளவையார் ஊதினார். சுடுகிறதா பாட்டி என்று சிறுவன் கேட்டான். தமிழில் ஒரு சொல்லின் பொருளை மாட்டுக்காரச் சிறுவனிடம் கற்றதாக அம்மூதாட்டி ஒப்புக்கொண்டார். அவர் புகழ் அதனாற் குறைந்ததாக எவரும் கூறியதில்லை. ஒப்புக்கொண்டமையாலேயே அக்கதை நிலைத்தது.

திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் மழலையின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாகப் போற்றியதை நாம் அனைவரும் அறிவோம். திருமண வாழ்த்திலும் பிறந்தநாள் மேடையிலும் அக்குறள் ஒலிக்கின்றது. அதே அதிகாரத்தில், பிள்ளைகள் தம்மைவிட அறிவிற் சிறத்தல் பெற்றோரினும் உலகத்திற்கே பேரின்பம் என்னும் பொருளிலும் ஒரு குறள் உண்டு. முதலாவதைப் பாடுகின்றோம், இரண்டாவதை ஏட்டோடு விட்டுவிடுகின்றோம். மழலை இசையாக இருக்குமட்டும் இனிக்கின்றது. அது 'அப்பா, இது தப்பு' என்று பொருள்படத் தொடங்கியதும் கசக்கின்றது. எவர் வாயிற் கேட்டாலும் அதன் மெய்யை ஆராய்வதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் அவர் கூறியபொழுது, ஏழு வயதுக்கு உட்பட்டோர் நீங்கலாக என்று விலக்கு வைக்கவில்லை.

ஆகவே, தோட்டத்துத் தோழர்களும் பட்டணத்து நண்பர்களும் இதனைத் தம் இல்லத்தில் நடைமுறையிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பிள்ளை படிக்கத் தொடங்கியதும் வீட்டிலுள்ள பத்திரங்களை அதன்முன் விரித்து வையுங்கள். பிறப்புப் பத்திரத்தையும், சம்பளச் சீட்டையும், மின்கட்டணச் சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் சரியா, நாள் சரியா, தொகை சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது முறை அது பிழையற்ற இடத்திற் பிழை காணும், பொறுமையோடு விளக்குங்கள். பத்தாம் முறை நாம் 40 ஆண்டுகள் காணாத ஒன்றை அது காணும். அப்பொழுது, நீ சின்னப் பிள்ளை என்று கூறாமல், கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, எங்கே, காட்டு என்று கேளுங்கள். பிழையைப் பிழையென்று அஞ்சாமலும் அன்போடும் கூறும் மக்கள் நமக்கு வேண்டுமாயின், அவர்கள் முதன்முதல் திருத்திப் பழகும் ஏடு நம்முடையதாகவே இருக்கட்டும்.